ஜீப் வரும்வரை

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். அதை உயர்நிலைப் பள்ளியாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வந்தது நடுப்பகலில். தெருவைச் சுற்றிவிட்டு, "எட்டுக்கு மேல படிக்கிற வயசுல பிள்ளைகளே இல்லையேம்மா, யாருக்குப் பள்ளிக்கூடம்?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டு முடித்த பிள்ளைகள் விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத் தோட்டங்களில் ஏலக்காய் பறிக்கப் போயிருந்தார்கள். என் மகளும்தான்.

"ஜீப்பு வரட்டும் சார். பாத்துட்டுப் போங்க."

அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். அவர் கார் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலிருந்த பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். வழி மட்டும் விடவில்லை.

பொழுது சாயும்போது ஜீப் வந்தது. தூக்குவாளிகளோடு பிள்ளைகள் இறங்கினார்கள்.

"எல்லாரும் இங்கன வந்து வரிசையா நில்லுங்க" என்றேன்.

பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நிற்பதுபோல, குட்டையானவர்கள் முன்னாலும் நெட்டையானவர்கள் பின்னாலுமாக, யாரும் சொல்லாமலே நின்றார்கள்.

நான் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"இப்ப எண்ணுங்க சார்."