நிமலினிக்கு அடித்த கேக்

மியூரியலின் கைகள் மாம்பழத்தின் தோலைச் சீவிக்கொண்டிருந்தன. நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானுக்குக் கத்தி பட்டால் போதும். இன்று கத்தி ஆழமாக இறங்கித் தோலோடு சதையையும் கொண்டுபோனது. வீணாய்ப்போன சதையைப் பார்க்க ஆத்திரம் இன்னும் ஏறியது.

"முழுக் கேக் வேண்டாம், கட்டியா ஒரு துண்டு காணும் அன்ரி," என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லியிருந்தான் பிறேம். தங்கச்சி நிமலினியின் கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்து, எல்லாவற்றையும் தானே ஒழுங்குசெய்கிறவன். "ஏழு தட்டுக் கேக் கொழும்பிலையிருந்து வருது. உள்ளுக்கு முழுக்க றெஜிபோம் கட்டி, தின்னேலாது; மேலைதான் ஐசிங். பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. அதுக்கை வைச்சு வெட்டிப் படமெடுக்கத்தான் துண்டு. மாம்பழம் போடாதேங்கோ, ஈரத்திலை உடையும்."

"நிமலினி என்ன சொன்னவள்?"

"அவளுக்கு உதுகளைப்பற்றி என்ன தெரியும்?"

மியூரியல் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மானிப்பாயில் அவள் கேக் அடித்துக் கொடுக்காத கிறிஸ்தவ வீடு குறைவு. யாரும் சொல்லித் தந்ததில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் தாச்சிச் சட்டிக்குள் மணல் பரப்பி, மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டு, கருக்கிக் கருக்கிப் பழகியவள். நிமலினி அடுத்த வீட்டுப் பிள்ளை. கலியாணம் முற்றான அன்றே மதிலால் எட்டிச் சொன்னாள்: "அன்ரி, எனக்கு உங்கடை மாம்பழக் கேக்தான் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்." மியூரியல் ஓம் என்றாள். ஓம் என்றால் ஓம்தான்.

ஈரத்தில் உடையுமாம்! ஈரத்தை எடுக்கத் தெரியாதவன் அடித்தால் உடையும். சதையைத் தாச்சியில் போட்டு, ஓரத்தை விட்டுத் திரளும்வரை மெல்லிய நெருப்பில் கிண்டி ஆறவைத்தாள். பட்டரும் சீனியும் அடிக்கக் கோபம் உதவியது. சீக்கிரமே வெளுத்துப் பொங்கியது. முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டு அடித்தாள். ஆனால் மா போடும்போது கோபம் ஆகாது. அழுத்திக் கலந்தால் கேக் கல்லாகிவிடும். கிண்ணத்தை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். கோபம் போகவில்லை. கையை விட்டு மட்டும் போனது. திரும்பி வந்து மாவையும் கிண்டிய மாம்பழக் களியையும் விரல்களால் மெதுவாகக் கலந்தாள்.

பாதி வெந்து மேல் இறுகியபின்தான் எடுத்துவைத்திருந்த பழத் துண்டுகளை அடுக்கினாள். முதலே வைத்தால் அடியில் தாழ்ந்துவிடும். குத்திப் பார்த்த ஈர்க்கு சுத்தமாக வந்தது.

கலியாண மண்டபத்துக்குப் போகும் ஓட்டோவில் கேக் தட்டு அவள் மடியிலேயே இருந்தது. மண்டப வாசலுக்குப் பிறேம் கோட்டோடு ஓடிவந்தான்.

"என்ன அன்ரி, முழுக் கேக்கோ? ஒரு துண்டெல்லோ கேட்டனான். சரி, வெட்டித் தாங்கோ."

"வெட்டமாட்டன்."

"அப்ப ஓட்டைக்கை என்னத்தை வைக்கிறது?"

"ஒரு சவுக்காரக் கட்டியை வை தம்பி. படத்திலை வித்தியாசம் தெரியாது."

கமராக்காரப் பெடியன் சிரித்துவிட்டான். பிறேமின் முகம் சிவந்தது.

"சனம் பாக்குது அன்ரி."

"சனம் பாக்கத்தானே உந்த ஏழு தட்டு அங்கை நிக்குது. இது தின்ன."

அவனைத் தாண்டி உடுப்பு மாற்றும் அறைக்குள் போனாள். காலையிலிருந்து வெறுந்தேத்தண்ணியோடு இருந்த நிமலினி, தட்டைக் கண்டதும் எழும்பினாள்.

"அண்ணையோடை கதைச்சுப் பாத்தனான் அன்ரி..."

"கதைச்சனியோ? எனக்கு மதிலாலை கேட்ட சத்தம் அவனுக்கேன் கேக்கேல்லை?"

நிமலினி தலை குனிந்தாள். வாசலில் பிறேம் வந்து நின்றான்.

"நிமலினி, மேடைக்கு வா. சீலையிலை கொட்டுண்டால் படம் பழுதாப் போம்."

அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். "நான் சாப்பிட்டிட்டுத்தான் வருவன் அண்ணை," என்றாள். மதில் தாண்டிக் கேட்கும் சத்தம்.

மியூரியல் சிரிக்கவில்லை. தட்டைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கூறைச்சீலைமேல் விரித்தாள்.

"கத்தி எங்கை அன்ரி?"

"பூக் கட்டின கத்தி மேடையிலை கிடக்கு. கையாலை பிய்ச்சுத் தின்," என்று சொல்லித் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.