கிணற்றில் தொங்கிய இரண்டு பாட்டில் ஒயின்

பொன்னுராஜ் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கியைத் தொட்டது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான். மிச்சக் காலம் முழுக்க ஆபீசர் மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. ஆபீசர்கள் கிளாஸில் மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒயினை, அடுப்படிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே ருசி பார்த்துப் பார்த்து நாக்கைத் தேற்றிவிட்டார். எண்பத்தாறில் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து மில் வாட்ச்மேன் ஆனபோது, சண்டைக் கதை கேட்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒயின் கதை சொன்னார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அவர் ஆசை ரொம்பச் சின்னது. வாட்ச்மேன் சம்பளத்துக்குள் அடங்குகிற ஒரு நல்ல ஒயின் வேண்டும். அதைக் குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். மெஸ்ஸில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், இது அந்த வாசம், இல்லை இந்த வாசம் என்று. ஒயினைக் காட்டிலும் அந்தச் சண்டைக்குத்தான் மனுஷன் ஏங்கிப்போயிருந்தார். ஒயினைத் தனியாகக் குடிப்பது ஒற்றை ஆளாகச் சீட்டு விளையாடுகிற மாதிரி.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஒயின்ஸ் கடைக்குப் போய், "ஒயின் இருக்காண்ணே?" என்றார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிராந்தி இருக்கு, ரம் இருக்கு. ஒயின் போர்டுல மட்டுந்தான் இருக்கு. வேணும்னா செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போங்க."

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, நாட்டு மருந்துக் கடையில் திராட்சை அரிஷ்டம் வாங்கினார். அதுவும் திராட்சையை ஊறவைத்துச் செய்வதுதான், விலையும் கைக்கு அடக்கம். மெஸ்ஸில் ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள சீஸ் வைப்பார்கள். சீஸும் பாலில் செய்கிற சாமான்தானே என்று ஒரு கால்கிலோ பால்கோவாவையும் வாங்கிக்கொண்டார். ருசி தேறவில்லை. ஆனால் நாலு நாளைக்கு அகோரப் பசி எடுத்தது.

அவர் குடியிருந்த வளவில் பதினோரு வீடு, நடுவில் ஒரே கிணறு. மூன்றாம் வீட்டு தங்கபாய் டீச்சர் கிறிஸ்மஸுக்கு ஊறுகாய் ஜாடியில் ஒயின் போடுவார். நல்ல ஒயின்தான். ஆனால் டானிக் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுவார். இரண்டாவது மூடி கேட்டால் அடுத்த கிறிஸ்மஸுக்கு வரச் சொல்வார்.

எண்பத்தொன்பது மே மாதம்தான் விடிவு வந்தது. மாதம் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிற மிலிட்டரி கேன்டீன் வண்டியில், ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் ரம்முக்கு முண்டியடித்துக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் போர்ட் ஒயின் தூசி அடைந்து கிடந்தது. ஆறு மாசமாக யாரும் அதைச் சீண்டவில்லையாம். ரம் விலையில் பாதிகூட இல்லை. பொன்னுராஜ் தன் மாதக் கணக்கில் வரவேண்டிய ரம்மை விட்டுக்கொடுத்து மூன்று பாட்டில் வாங்கினார். வீட்டுக்கு வந்து மூடியைத் திருகி மோந்து பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கிவிட்டது.

அந்த முதல் பாட்டிலுக்கு மச்சினன் சோலைராஜைக் கூப்பிட்டார். அவன் பாதி தம்ளர் ஒயினில் கோலி சோடாவை உடைத்து ஊற்றி, ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, "காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற தண்ணி மாதிரி இருக்கு மச்சான், ரம்மு எங்க?" என்றான். பொன்னுராஜ் பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். மனைவி அழகுத்தாயிடம் ஒரு வாய் நீட்டினார்.

"பொம்பளையாளு தொடுற சாமானா இது? அங்கிட்டுக் கொண்டுபோங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு பாட்டில். மே மாத வெயிலில் வீட்டுக்குள் வைத்தால் ஒயின் கஷாயமாகிவிடும். பிரிட்ஜ் வாங்குகிற சம்பளமா அது? பொன்னுராஜ் யோசித்து, இரண்டையும் ஒரு வயர் கூடையில் போட்டு, நைலான் கயிற்றில் கட்டி, கிணற்றுத் தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி தொங்கவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகத் தண்ணீர் இறைக்க வந்தவள் ஏழாம் வீட்டு மாடத்தி. அவளுடைய இரும்பு வாளியைப் பற்றி வளவில் எல்லோருக்கும் தெரியும். அது இறங்குகிற வேகத்தில் கிணற்றின் அடிக்கல்லே அதிரும். கூடை அறுந்தது, உள்ளே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கோடைக் கிணற்றில் கழுத்தளவுத் தண்ணீர்தான். எட்டிப் பார்த்த மாடத்திக்குத் தண்ணீர் லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது.

பொன்னுராஜ் பட்டாளத்து மனுஷன், மறைக்கத் தெரியாது. நடந்ததை ஒப்புக்கொண்டார். அதற்குள் ஏழு வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். உண்மை தெரிந்தபிறகுதான் எல்லோருக்கும் போதை ஏற ஆரம்பித்தது. மாடத்தி தலை சுற்றுகிறது என்று மத்தியானம் வரை படுத்துக் கிடந்தாள். தினமும் தண்ணீர் இறைத்ததும் மறுபடி போய்த் தூங்குகிறவள்தான் அவள். ஒன்பதாம் வீட்டுக்காரர் மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிணற்றைக் காரணம் சொன்னார். பத்தாம் வீட்டு குருசாமியின் ஆடு கோணலாக நடக்கிறது என்றார்கள். அதற்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கால் குட்டை. ஒரு கிணறு தண்ணீரில் ஒன்றிரண்டு பாட்டில் போர்ட் ஒயினுக்கு இத்தனை சக்தி இருக்கிறது என்று எந்த ஆபீசரும் பொன்னுராஜிடம் சொன்னதில்லை.

வளவுக்குச் சொந்தக்காரர் உக்கிரபாண்டி வந்து தீர்ப்புச் சொன்னார். "யோவ் மிலிட்டரி, ஞாயித்துக்கிழமை கெணத்த எறைச்சு, தூர் வாரிக் குடுத்துரணும். நீரேதான் உள்ள எறங்கணும்."

அழகுத்தாய் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள். சோறு மட்டும் தட்டில் வந்து விழுந்தது. பொன்னுராஜுக்குக் கிணறு இறைக்கிற கவலைகூட இல்லை. இனி இந்த ஊரில் ஒருத்தரும் தன்னோடு உட்கார்ந்து ஒயினை வாயில் வைக்கப்போவதில்லை என்பதுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியேற்றினார்கள். பொன்னுராஜ் இறங்கி, சகதியில் கையை விட்டு, உடைந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கடைசியாகக் கையில் சிக்கியது இரண்டாவது பாட்டில். கீறல்கூட இல்லை. தலை முதல் கால் வரை சேறோடு, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். பதினோரு வீட்டு ஆட்களும் சுற்றி நின்று பாட்டிலையே பார்த்தார்கள்.

"இதான் அந்தச் சாமானா?" என்றார் உக்கிரபாண்டி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி கலந்து குடிச்சாச்சு. கலக்காம எப்படி இருக்குன்னு ஒருக்கப் பாக்கவேண்டாமா?"

தம்ளர்கள் எங்கிருந்துதான் வந்தனவோ தெரியாது. வீட்டுக்கு ஒரு தம்ளர், தம்ளருக்கு ஒரு வாய். பொன்னுராஜ் நிமிர்ந்து நின்றார்.

"மொதல்ல மோந்து பாருங்க. பொறவு வாயில வச்சுக்கிடுங்க. முழுங்கிராதீங்க."

எல்லோரும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். பொன்னுராஜ் சந்தோஷத்தில் லயித்துப்போய், எப்போது முழுங்கலாம் என்று சொல்ல மறந்துவிட்டார். உக்கிரபாண்டிக்குக் கண் பிதுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கொடுக்காப்புளி" என்றாள் மாடத்தி.

"ஈரச் சாக்கு" என்றார் உக்கிரபாண்டி.

"ஈரச் சாக்க யாரு தின்னு பாத்தா?"

"மோந்தாத் தெரியாதா?"

"கிராம்பு பத்தல" என்றார் தங்கபாய் டீச்சர்.

சண்டை மூண்டது. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ்ஸில்கூட இப்படி ஒரு சண்டையை அவர் பார்த்ததில்லை. சேறு காய்ந்து இறுகிய முகத்தோடு பொன்னுராஜ் சிரித்தார். அப்புறம்தான் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அவருக்கென்று ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் அழகுத்தாய் கையில் ஒரு தம்ளரோடு நின்றிருந்தாள். நாலு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"நாவப்பழத்தத் தின்னு முடிச்சபொறவு, கொட்டையச் சப்புனா ஒரு தொவர்ப்பு வரும்லா. அதான் கடேசியில நிக்கி."

பொன்னுராஜ் பாட்டிலைக் கீழே வைத்தார். மெஸ்ஸில் அதை இங்கிலீஷில் என்னென்னவோ சொல்வார்கள். அதுதான் அது. வீட்டுக்குள்ளேயே ஒரு நாக்கு இருந்திருக்கிறது, இவர் ஊரெல்லாம் தேடியிருக்கிறார். அவள் தம்ளரை நீட்டினாள். அடியில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது. அவர் வாயருகே கொண்டுபோனதும் அழகுத்தாய் அவர் கையைப் பிடித்தாள்.

"அம்புட்டையும் குடிச்சிராதீங்க. அந்தக் கடேசி ருசி திரும்ப வருதான்னு நான் பாக்கணும்."