ஆணியில் தொங்காத சாவி

என் அலுமாரியில், சட்டைகளுக்கு அடியில், ஒரு கார்ச் சாவி கிடக்கிறது. அந்தக் கார் இப்போது இல்லை. எரிந்துபோன அதைப் பழைய இரும்புக்காரன் துண்டு துண்டாக வெட்டி லொறியில் ஏற்றியதை நானே பார்த்தேன். சாவியை மட்டும் எறிய மனம் வரவில்லை. எறிந்தால் மட்டும் நல்ல மனிதனாகிவிடுவேனா என்ன?

கார் ஒரு ஹாஜியாருடையது. மாத வாடகைக்கு எடுத்து, விமான நிலையத்திலிருந்து ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கிப் பிழைத்தேன். எங்களுக்குள் எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிறவர்கள் நனைந்த சாமான்களோடு ஏறுவார்கள். காரும் கடற்கரை மணலுக்குள்ளேயே போக வேண்டும். உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. பின் ஆசனத்துக்குக் கீழே ஓட்டை விழுந்து ரோட்டே தெரிந்தது.

பாலாவிச் சந்திக்கு அப்பால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் கராஜ் வைத்திருந்தவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டில் கம்பத்தில் வரிசையாக ஆணிகள். வாகனம் கொண்டுவருகிறவன் தன் கையாலேயே சாவியை அதில் மாட்ட வேண்டும். "சாவி ஆணியில ஏறினா வாகனம் என்ட பொறுப்பு. ஒரு கீறல் பட்டாலும் நான்தான் பதில் சொல்லோணும்" என்பார். மாட்டாதவரை, சாவி வைத்திருப்பவன் பொறுப்பு. பில் புத்தகத்தை நம்பாதவர்களும் அந்த ஆணியை நம்பினார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க நான் காரைக் கொண்டுபோனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பின்னேரம் ஹோட்டலுக்கு ஆள் ஏற்ற நான் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பாஸ் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"பெற்றோல் டேங்கை இறக்காம வெல்டிங் வெக்கேலா தம்பி. ஜும்ஆத் தொழுகை முடிய இறக்குவம். நாளைக்குத்தான் காரைத் தருவன்."

"இந்த ஹயரை விட்டா ஹோட்டல்காரன் இனிக் கூப்பிடமாட்டான் பாஸ். ஈரச் சாக்கைப் போட்டு டேங்கை மூடிட்டு வெல்டிங் வைங்க. பத்து நிமிஷ வேலை."

அவர் ஏலாது என்றார். நான் விடவில்லை. மனைவிக்கு ஏழு மாதம் என்பதையும் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் இளகிப்போனவர், "சாவியை மாட்டல்லையே" என்றார். "இப்ப போறதுதானே" என்று பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டேன்.

சாக்கு மூடாத பக்கமாகப் பொறி விழுந்திருக்க வேண்டும். முதலில் கார் பற்றியது, பிறகு கிடுகு. காரை வெளியே தள்ளப் போன பாஸின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. நான் ரோட்டில் நின்று கத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஹாஜியார் காப்புறுதியைச் சொந்தப் பாவனைக்கென்று எடுத்திருந்தார். வாடகைக்கு ஓடிய காருக்கு ஒரு சதமும் இல்லை என்று காப்புறுதிக் கம்பனிக்காரர் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் விஷயம் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு வந்தது. நட்டத்தை யார் கட்டுவது, நானா, பாஸா? பாஸின் வழக்கம் தெரிந்த தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாவி எங்க இருந்திச்சு?"

"ஆணியில மாட்டினேன். நெருப்போட போயிருக்கும்" என்றேன். வீட்டில் வைக்கப் பயந்து கையோடு கொண்டுவந்த சாவி, அப்போது என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

பாஸ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "சாவி எங்க இருந்தா என்ன, நெருப்பு வெச்சது என்ட கை." கராஜ் நிலத்தை விற்றுத்தான் கட்டினார். நான் சாவியோடு வீட்டுக்குப் போனேன். மகள் பிறந்தபோதும் அந்த வெட்கம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது.

போன மாதம், இப்போது சொந்தமாக ஓட்டுகிற வேனில், ஆலங்குடாவில் ஒரு புது ஹோட்டலுக்குப் போனேன். கேற்றைத் திறந்த காவலாளியின் வலது கையில் தோல் சுருங்கி, விரல்கள் மடங்காமல் நின்றன. பாஸ்தான். என்னை உடனே அடையாளம் கண்டார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மகள் ஸ்கூல் போறாவா?" என்று கேட்டார். பிறகு இடது கையை நீட்டினார். "சாவியத் தாங்க தம்பி. வேனை ஒதுக்கத் தேவைப்படும்."

காவல் கூண்டின் சுவரில் வரிசையாக ஆணிகள். "நானே மாட்டுறன் பாஸ்" என்றேன். முதல் ஆணியில் மாட்டினேன்.

"ஓம்" என்றார் அவர். "இந்த முறை மாட்டிட்டீங்க."

அன்றிலிருந்து பழைய சாவியைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது இன்னும் சட்டைகளுக்கு அடியிலேயே கிடக்கிறது.