ராட்டினத்தில் கட்டிப்போட்ட சாயங்காலம்

திருவிழாவுக்குப் போனால் எனக்கு ஒரே வேலைதான், மூட்டைக் காவல். பொன்னேரியில் சித்திரைத் திருவிழா வந்தால் ஆற்று மணலில் ராட்டினம் போடுவார்கள். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்து ஓடிப்போய் ஏறிக்கொள்ளும். பொரிப் பொட்டலம், வளையல் பொட்டலம், ஊதல், எவனோ கழற்றிப்போட்ட சட்டை எல்லாம் என் மடியில் வந்து விழும். "நீ இங்கியே குந்திக்கினு பாத்துக்கோ" என்பார்கள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன காலை வைத்துக்கொண்டு நான் வேறு எங்கே போய்விடப் போகிறேன்? எரிச்சல் தாங்காமல் அவர்கள் பொரியை எல்லாம் நானே தின்று தீர்ப்பேன். கேட்டால், காக்கா வந்தது என்பேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது இருக்கும். பழவேற்காடு ஏரிக்குள் படகில் போய்ச் சேரவேண்டிய மீனவக் குப்பம் எங்களுடையது. மதராஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த, இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் ஒன்று எனக்கு இருந்தது. தார் ரோட்டில் அது ராஜா. மணலில் இறங்கினால் நங்கூரம். அதனால் பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நைனா என்னை முதுகில் ஏற்றி, படகுக் கயிற்றால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வருடம் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். "இந்த வாட்டி நான் மூட்ட பாக்க மாட்டேன். ராட்டினம் ஏறணும்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறி இன்னா பண்ணுவ? மேலேர்ந்து உழுவியா?"

நைனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அப்படிப் பார்த்தால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து ராட்டினத்துக்கு மோட்டார் எல்லாம் கிடையாது. இரண்டு பனைமர உயரத்துக்கு இருப்பதாக எனக்குத் தோன்றும். உண்மையில் ஒரு மாடி உயரம் இருந்திருக்கும். நான்கு மரத்தொட்டில்களை ஆட்கள் கையால் தள்ளித் தள்ளியே சுற்றுவார்கள். தொட்டிலில் குறுக்குக் கம்பி இல்லை. மேலிருந்து இறங்கும்போது காலை எதிர்ப் பலகையில் அழுத்தி ஊன்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முன்னால் சரிந்துவிடுவோம். ராட்டினக்காரர் என் காலைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார்.

"வேணாண்ணா. கால் ஊன முடியாத புள்ள. பெரியவங்க யாராச்சும் கூட குந்தி புடிச்சிக்கினா ஏத்தறேன். இல்லாட்டி பேஜாரு."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அவரைக் கடித்து வைக்கலாம் போல இருந்தது எனக்கு. நைனாவோ முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போய் வருகிற ஆள், ஆனால் ராட்டினத்தில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரை முறைத்தாள். நான் மணலில் சப்பென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"ஏறாம ஊட்டுக்கு வர மாட்டேன். தூக்கிக்கினு போனா கடிப்பேன்."

அம்மாவுக்கு என்னைத் தெரியும். "ஒரே ஒரு வாட்டி" என்றாள். "அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல ராட்டினம்னு வாயத் தொறந்த, நடக்கறதே வேற."

ஒரு வாட்டி என்றால் ஒரு வாட்டிதான். அம்மா சொன்ன சொல்லை மாற்றவே மாட்டாள். ஏறும்போதே எனக்குத் துக்கமாக இருந்தது, இறங்கப் போகிறோமே என்று. நைனா படகுக் கயிற்றை என் இடுப்பையும் அம்மா இடுப்பையும் சுற்றி, முதுகுப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் எங்களுக்குத் தெரியாத பக்கம் முடிச்சுப் போட்டார். பூட்ஸ் என் அண்ணன் கைக்குப் போனது.

"குந்திக்கினு பத்திரமா பாத்துக்கோ" என்றேன் அவனிடம். எத்தனை வருடமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை அது.

ராட்டினம் கிளம்பியது. அடடா, அதை எப்படிச் சொல்வேன். மேலே போகப் போகக் கோபுரம் குட்டையானது, தேர் பொம்மையானது, தண்டவாளத்தில் ஒரு ரயில் புகையை விட்டுக்கொண்டு போனது. இறங்கும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. நான் கத்தினேன், சிரித்தேன், விக்கினேன். எதிர்த் தொட்டிலில் இருந்தவர்களைப் பார்த்தேன். உச்சியில் எல்லாருக்கும் கால் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. என் கால் தனியாகத் தெரியவே இல்லை.

நின்றது. அம்மா, "கயித்த அவுறு" என்றாள். நைனா பின்னால் போய் முடிச்சில் கை வைத்தார். முனகினார். நகத்தால் நோண்டுகிற சத்தம் கேட்டது.

"இறுகிக்கிச்சு" என்றார்.

ராட்டினக்காரர் கத்தியை எடுத்துவந்தார். நைனா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "படகுக் கயிறுப்பா இது. தேர் நிக்கிற நாள்ல கத்தி வச்சா ஆவாது." எங்கள் குப்பத்தில் நிஜமாகவே அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிறு தானாக இற்றுப்போகலாம், திருவிழா நாளில் இரும்பு படக்கூடாது. ராட்டினக்காரர் தலையைச் சொறிந்தார். ஏறக் காத்திருந்த கூட்டம் கூச்சல் போட்டது.

"நீ பாட்டுக்கு ஓட்டு. ஒனக்கு நஷ்டம் வாணாம், நானும் கூட தள்றேன்" என்றார் நைனா. "சுத்துற சுத்துல தானா எளகிடும்."

சட்டையைக் கழற்றி அண்ணன் மேல் போட்டுவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். துடுப்புப் போட்ட கை அல்லவா, ராட்டினம் பறந்தது. அம்மா திட்டத் தொடங்கினாள். கீழே வரும்போது மட்டும்தான் அவர் காதில் விழும் என்பதால் திட்டு தவணை தவணையாக வந்தது.

"யோவ், ஒன்ன கட்டிக்கினு..."

மேலே போனோம். வந்தோம்.

"...வந்த நாள்லேர்ந்து..."

மறுபடி போனோம். வந்தோம்.

"...ஒரு முடிச்சாவது ஒழுங்கா..."

அடுத்தது என்ன என்று கீழே கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆனால் அடுத்த இறக்கத்தில் அம்மாவுக்கு வார்த்தை வரவில்லை, சிரிப்பு வந்தது. கொண்டை அவிழ்ந்து பூவெல்லாம் என் முகத்தில் அடித்தது. என்னை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுத்து யாருக்கோ டாட்டா காட்டினாள். அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஆட்கள் இறங்கினார்கள், புதிதாக ஏறினார்கள், நாங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தோம். அண்ணன் என் பூட்ஸையும் நைனா சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தான். பொரியை அவன்தான் தின்றான், தின்றுவிட்டுப் போகட்டும்.

பெட்ரோமாக்ஸ் ஏற்றும் நேரம் வந்ததும் ராட்டினக்காரர், "கடசி பஸ் போயிடும், இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நைனா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் கையை விட்டார். ஒரே ஓர் இழுப்பு. கயிறு தளர்ந்து எங்கள் மடியில் விழுந்தது. அம்மா திரும்பி அவர் கையைப் பார்த்தாள்.

பழவேற்காட்டில் படகு ஏறி, பாதி ஏரி வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"அதே முடிச்சத்தான தெனம் படகுக்குப் போடற?"

நைனா கழியை ஊன்றிக்கொண்டே, "ஆமா" என்றார்.

"ஒரு நாளும் இறுகல."

அவர் தண்ணீரைப் பார்த்தார். ஒரு வாட்டி என்று சொன்னது அம்மா. அந்தச் சொல் என்ன ஆகப் போகிறது என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்துகொண்டாள்.

"வர்ற வருசம் இன்னும் நீளமா கயிறு எடுத்துக்கினு வா" என்றாள். "ஒன்னியும் சேத்து கட்டணும்."