எஞ்சினுக்குச் சந்தனக்காப்பு

கார் வாங்கினால் மனிதனுக்குத் தனி நடை வந்துவிடும் என்பார்கள். எனக்கு நடைதான் வந்தது. கார் கொட்டகையிலேயே நின்றது.

அரிமளத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்திடம் வாங்கிய பழைய கார். நிலா வெளிச்சத்தில் பார்த்தால் குளத்தில் இறங்கும் யானை. வெயிலில் பார்த்தால்... வேண்டாம், விற்றவர் இதைப் படிப்பார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அதன் பழைய நம்பரும் செல்லாமல் போய்விட்டது. புது நம்பர் வாங்க வேண்டும், இன்ஷ்யூரன்ஸ் எடுக்க வேண்டும். அப்புறம்தான் ரோடு.

அதற்கு இப்போது என்ன அவசரம் என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை திருவரங்குளத்தில் என் மனைவி கமலத்தின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. அந்த அண்ணன் பத்துப் பேர் முன்னால், "மாப்ள கார்ல வாராரா? இல்ல, காரைத் தள்ளிக்கிட்டு வாராரா?" என்று கேட்டுவிட்டார்.

"கார்லதான் வருவோம். நீ வாசலுக்கு வந்து அவுகள 'வாங்க'ன்னு கூப்புடணும்!" என்று கமலமும் சொல்லிவிட்டு வந்தாள்.

மோட்டார் இன்ஸ்பெக்டர் புதுக்கோட்டையில் முகாம் போடுவது எப்போதாவதுதான். போன செவ்வாயை விட்டால் அடுத்த மாதம். காலையிலேயே காரோடு போய் நின்றோம் — நான், கமலம், டிரைவர் சின்னையா. சின்னையா, ஸ்டெப்னி மாதிரி, காரோடு சேர்ந்தே எங்களிடம் வந்தவர்.

இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"எஞ்சின் நம்பர் எங்கேய்யா?"

நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். அதன் மேல் குங்குமம். அதன் மேல் மறுபடி சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பி, எண்ணெயிலும் சூட்டிலும் இறுகி, பாறையாகவே ஆகிவிட்டிருந்தது.

"வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?"

"எழுத்து வெட்டியிருக்குற எடந்தானுங்க நெத்தி!" என்றார் சின்னையா. "தலையெழுத்து வேற எங்கிட்டு இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சின்னையா குறுக்கே பாய்ந்தார்.

"சாமி நெத்தியச் சொரண்டுறதா? நான் இருக்குற வரைக்கும் நடக்காது!"

"நம்பரைப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

நான் என்ன செய்தேன்? கவிதை எழுதுகிறவன் செய்வதைத்தான். வானத்தைப் பார்த்தேன். அதில் வெள்ளிக்கிழமை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

கமலம்தான் முன்னால் வந்தாள். "சின்னையா, சொரண்ட வேணாம். அபிஷேகம் பண்ணிக் காப்பைக் கலைக்கலாம்ல?"

சின்னையா யோசித்தார். "அது மொறதாங்க, அம்மா."

அவ்வளவுதான். டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. சீயக்காய் வந்தது. எங்கிருந்தோ கூட்டம் வந்தது. சின்னையா சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு நீராட்டினார். சந்தனம் மஞ்சள் நதியாக மட்கார்டில் வழிந்தது. கற்பூரத்தை எடுத்ததும்தான் இன்ஸ்பெக்டர் அலறினார்: "யோவ், பெட்ரோல்யா!"

ஒவ்வொன்றாக எண்கள் தெரிந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இன்ஸ்பெக்டர் நம்பரைக் குறித்துக்கொண்டபோது பார்த்தேன்... காலில் ஷூ இல்லை. எப்போது கழற்றினார்? அவருக்கே தெரிந்திருக்காது.

"இன்ஷ்யூரன்ஸ் சீட்டைக் கொண்டாங்க. இன்னைக்கே புது நம்பர் தர்றேன்."

இன்ஷ்யூரன்ஸ் ஏஜென்ட் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி. "எஞ்சின் நம்பரை நானும் ஒரு தடவை கண்ணால பாக்கணுமே..."

பானெட்டைத் திறந்தோம்.

பளபளவென்று புதுச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"அபிஷேகம் ஆனா அலங்காரம் பண்ணணும்ல?" என்றார் சின்னையா. "இனிமே ஆயுத பூஜைக்குத்தான் கலைக்கலாம்."

ஏஜென்ட் பையை மூடினார். "அப்ப ஆயுத பூஜைக்கே வாரேன்."

கமலம் அவர் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கோயில்ல சந்தனக்காப்பு சாத்தியிருந்தா, உள்ள சாமி இருக்குதான்னு சொரண்டிப் பாத்துட்டா கும்புடுறீங்க?"

ஏஜென்ட் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் குறித்துவைத்திருந்த நம்பரையே பார்த்து எழுதி, அங்கேயே ஏஜென்ட் சீட்டைக் கொடுத்தார். நாம் ஆபீஸ்களில் கண்ணால் கண்டால்தான் நம்புகிறோம். ஆபீஸை விட்டு வெளியே வந்தால் காணாததை எல்லாம் நம்புகிறோம். கமலம் கெட்டிக்காரி, ஏஜென்டை வெளியே நிறுத்தியே பேசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புது நம்பரோடு திருவரங்குளம் போனோம். காரில்! மச்சான் வீட்டு வாசலில் எஞ்சின் கொதித்தது. சூடு ஆறட்டும் என்று சின்னையா பானெட்டைத் தூக்கிவிட்டார். தெரு முழுக்கச் சந்தன வாசனை.

மச்சான் வாசலுக்கு வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைகளைக் குவித்து, தலையைத் தாழ்த்தி, "வாங்க... வாங்க" என்றார்.

கமலத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் கூப்பிட்டது என்னையா, எஞ்சினையா? கேட்டு அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.