ஏழு போத்தல் வில்வம்பூத் தண்ணீர்

என் தங்கை நெடுந்தூரம் ஓடுகிறவள். கண்டி டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓட்டம். நான் புடவைக்கடையில் நிற்கிறேன். கலஹாப் பக்கத் தோட்டத்திலிருந்து வேலைக்காக இறங்கிவந்து, அம்பிட்டியவில் இரண்டு அறை எடுத்து, இருவரும் ஒன்றாக இருக்கிறோம்.

இது நடந்ததற்கு முந்திய வருடம் ஒரு வீதி ஓட்டத்தில் அவளுடைய கெண்டைக்கால் தசை கிழிந்தது. நான் வீதியோரத்தில்தான் நின்றேன். முதலில் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், பேச்சோடு பேச்சாக, தண்ணீர் போதாமல் ஓடினால் தசை சீக்கிரம் களைத்துப்போகும், களைத்த தசை சீக்கிரம் அடிபடும் என்றார். தங்கை அதை பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டாள். எனக்கு அது மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஓடப் போகும்போதெல்லாம் எதையாவது குடிக்கக் கொடுத்தனுப்புவேன். சந்தைப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை உண்டு. அங்கே வில்வம்பூவைச் சிங்களத்தில் பெலிமல் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஒருநாள் அது, ஒருநாள் ஆவாரம்பூ, ஒருநாள் நன்னாரி வேர். அவித்து, வடித்து, ஆறவைத்துக் கொடுப்பேன். சூட்டைத் தணிக்கும், தசைக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்பாவிட்டால் எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு பேராதனையிலிருந்து கலஹா வரை ஏறி, பாதி வழி திரும்பி இறங்குவது என்று திட்டம். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசிக்கொண்டு பின்னால் போனேன். காலடியில் முக்கால் லீற்றர் போத்தல்கள் பத்து. எல்லாவற்றிலும் வில்வம்பூத் தண்ணீர். உப்புப் போட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று வெறுமனே விட்டிருந்தேன். காலையிலிருந்து மூடுபனி. தேயிலைச் சரிவுகளே தெரியவில்லை. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அந்தக் குளிரில் அவளுக்கு எவ்வளவு வியர்க்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சில வளைவுகளுக்கு ஒருதடவை ஆட்டோவை நிறுத்தி, அவள் கையில் போத்தலைத் திணித்தேன். நாலாவது போத்தலில் அவள் மறுத்தாள்.

“போதும்க்கா. வயிறு தளும்புது. ஓட முடியல.”

“கால் பிடிச்சுக்கிட்டா என்ன செய்வ? குடி.”

குடித்தாள். எனக்காகத்தான் குடித்தாள். ஐந்தும் ஆறும் அப்படித்தான் முடிந்தன. கலஹாவிலிருந்து இறங்கும்போது தலை வலிக்கிறது என்று நடக்கத் தொடங்கினாள். விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஏழாவது போத்தலைத் திறந்து, அவள் வாயருகே நானே பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வீதியோரமாகக் குந்தி வாந்தி எடுத்தாள். தெளிந்த தண்ணீராகவே வந்தது.

ஆட்டோவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டோம். ஆட்டோக்காரர் ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். அவள் தலை என் மடியில். முகத்தைத் துடைத்தபோது கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

“நீங்க எங்க எறங்கணும்?”

அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல வெளியே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் அவள் உடம்பு விறைத்து உதறத் தொடங்கியது. பற்கள் நெரிபடும் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

சற்று நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் வெளியே வந்தார். ஓடினவளா, எவ்வளவு தூரம், என்ன குடித்தாள் என்று விசாரித்தார். பூ அவித்த தண்ணீர் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். “கொஞ்சம்தான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பூவில் ஏதோ விஷம் இருந்திருக்கும், என் கையாலேயே கொடுத்துவிட்டேன் என்று அந்த நேரத்தில் நிச்சயமாக நம்பினேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. டொக்டர் திரும்பி நாலைந்து அடி நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

“ஏழு போத்தல், டொக்டர். பெரிய போத்தல். அவ வேணாம்னு சொன்னா. நான்தான் குடிக்க வச்சேன்.”

“உப்பு ஏதும் போட்டனீங்களோ?”

“இல்லை.”

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே எதையோ உரத்துச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும், வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தேன். செருப்பு என்னை நோக்கித் திரும்பாதவரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கணக்கு.

கடைசியில் டொக்டரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்குத் தண்ணீர் குறையவில்லை, கூடிவிட்டது. வியர்வையில் போனதைவிடப் பலமடங்கு உள்ளே போனதால் இரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்து, மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று விளக்கினார். செறிவு கூடிய உப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்களாம். தண்ணீர் வற்றி வாடியிருக்கிறாள் என்று நினைத்துச் சாதாரண சேலைன் நிறைய ஏற்றியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னார். பூவில் விஷமா என்று கேட்டேன்.

“பூவில பிழையில்லை. வெறும் தண்ணியை இவ்வளவு குடிச்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தாகத்துக்கு அளவாக் குடிச்சாக் காணும், அதுக்கு மேல வேண்டாம்.”

மறுநாள் பின்னேரம் தங்கை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கலஹாவில் திரும்பியது வரைதான் அவளுக்கு நினைவு இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரிடம் முதலில் பொய் சொன்னதையும் சொன்னேன்.  நாலாவது போத்தலிலேயே வீசியெறிந்திருக்க வேண்டும், உன் முகத்தைப் பார்த்ததால்தான் எறியவில்லை என்றாள் அவள். வைதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே பாதையில் ஓடக் கிளம்பினாள். இடுப்புப் பட்டியில் உப்பும் சீனியும் கலந்த சின்னப் போத்தல் ஒன்று. தாகம் வந்தால் குடிப்பேன், நீ வர வேண்டாம் என்றாள். நான் கூடப் போகவில்லை. வீட்டிலேயே இருந்து, தோய்த்த துணிகளையே மறுபடி தோய்த்தேன். வெளியே ஏதாவது ஆட்டோ வேகத்தைக் குறைத்தால் கை நின்றுவிடும்.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. எடுக்கப் பயந்து இரண்டு தடவை அடிக்கவிட்டேன்.

“மழை, நிப்பாட்டிட்டேன்” என்றாள். “கலஹாவுல சித்தி வீட்டுல இருக்கேன், ரொட்டி சுடுறாங்க. சாப்பிட்டுட்டு பஸ்ல வாறேன்.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவள் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.