கயிறு பிடித்த பிலோமினா அக்கா

அன்று காலை ஏழு மணிக்கு மேல் என் கைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் புதுக்கோட்டையிலிருந்து டவுனுக்கு வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் அந்தோணி அண்ணனின் எண். பிலோமினா அக்காவின் கணவர். அக்காவுக்கு அடிக்க வேண்டியதைக் கை தவறி எனக்கு அடித்துவிட்டார் என்று நினைத்துக் கைபேசியைப் பைக்குள் போட்டேன். ஒன்பதரை மணி வரை அக்காவின் நாற்காலி காலியாக இருந்த பிறகுதான் அலுவலகத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டேன். "முத்து, அவ எந்திரிக்க மாட்டேங்கா" என்றார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை.

துறைமுகச் சாலையில், கப்பல் சரக்குக்குச் சுங்கப் பத்திரங்கள் போடும் எங்கள் கிளியரிங் அலுவலகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் பிலோ அக்காவைத் தெரியும். ஷிப்பிங் பில்லில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வாய் கொஞ்சம் அதிகம். எவ்வளவு கோபத்தோடு வரும் லாரி டிரைவரும் அவர் மேசைக்கு முன்னால் குரலைத் தணித்துக்கொள்வார். உங்களில் பலருக்குத் தெரியாதது, அந்த மேசையில் எப்போதும் மல்லாக்கக் கிடந்த கைபேசியைப் பற்றி. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அந்தோணி அண்ணன் சங்கு குளிக்கப் போனவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருப்பவர் அவருடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவர் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அக்காவின் கைபேசிதான் அந்தக் கயிறு. கட்டிலில் கிடந்தபடி அண்ணன் அடிப்பார். ஒரு முறை அடித்து நின்றால் சுகம். இரண்டு முறை அடித்து நின்றால் வா.

"கயிறு ஆடுதுளா, இந்தா வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அண்ணனைத் துடைத்து, துணி மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்வார். மேலாளர் அந்த அரை மணியை அரை நாள் விடுப்பாக எழுதிக்கொள்வார். "வீட்டப் பாருங்க, இல்லன்னா வேலையப் பாருங்க" என்று இரண்டு முறை சொல்லியும் விட்டார்.

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டு நான்தான் படிவம் வாங்கி வந்தேன். பெரிய தொகை இல்லை. ஆனால் அது வந்தால் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவரைப் பகலில் அண்ணன் அருகே உட்கார வைக்கலாம், அக்காவும் வேலையை விடாமல் இருக்கலாம். படிவத்தில் பராமரிப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டு ஒரு கோடு போட்டிருந்தது. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் 'கயிறு பிடித்தல்' என்று எழுதினார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. அப்படியே இருக்கட்டும் என்றேன். வாசிக்கிறவருக்குப் புரியாமல் போகலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. பராமரிப்பவர் கயிறு தொழிலில் ஈடுபட்டிருப்பதால் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. நேரில் போனோம். மனுவைப் பார்த்த அலுவலருக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், கடல் பழக்கமில்லாமல் நெல்லும் வாழையுமாக வளர்ந்தவர். நல்ல மனிதர்தான். "கயிறு திரிக்கீங்களாம்மா, இல்ல வாங்கி விக்கீங்களா?" என்று கேட்டார். அக்காவே சிரித்துவிட்டார். விவரம் சொன்னதும் அவருக்கும் சங்கடமாகப் போயிற்று. புதுப் படிவம் ஒன்றை நீட்டி, "வேலைக்குப் போகல, வீட்ல சும்மாதான் இருக்கேன்னு எழுதிருங்கம்மா. வேலைக்குப் போறவங்கன்னா கிடைக்காது" என்றார்.

அக்கா பேனாவை மூடிவிட்டார். "பகல்ல ஆபீசப் பாக்கேன். மிச்ச நேரம் இவரப் பாக்கேன். ரெண்டுல எத சார் சும்மான்னு எழுத?"

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "ஒரு வரிதானக்கா, எழுதிட்டுப் போயிருக்கலாம்லா?" என்றேன். "எழுதலாம்ளா. பொறவு நானே அத நம்பிட்டேன்னா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். அந்த வீம்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. எழுதியிருந்தால் பகலில் ஓர் ஆள் வந்திருக்கும். அக்கா மதியத்தில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். உழைக்கிறவளிடம் உழைக்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு உதவுகிற ஏற்பாடும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி இரண்டு வாரமாக நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "நான் அங்கன போய்ப் படுத்தா இங்கன யாருளா இருப்பா?" என்றார். 

அன்று விடிந்ததும் அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, காப்பி போடப் போனவர் அடுப்படியில் விழுந்திருக்கிறார். கட்டிலிலிருந்து பார்த்தால் அவர் கால்கள் மட்டும் தெரிந்திருக்கின்றன. அண்ணன் முதலில் அக்காவின் எண்ணுக்குத்தான் இரண்டு முறை அடித்திருக்கிறார். அது அடுப்படியில் அடித்தது அவருக்கே கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் எனக்கு அடித்தார். "சத்தமும் போட்டேன். பக்கத்து வீட்டுல பூசைக்குப் போயிருந்தாவ" என்றார்.

"ஏண்ணே ரெண்டோட நிறுத்திட்டீங்க?"

"ரெண்டுதான கணக்கு" என்றார்.

அந்த இரண்டையும் நான்தான் பைக்குள் போட்டேன். விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும், நீ வந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி என்கிறேன்.

ஆலந்தலையிலிருந்து அண்ணனின் தங்கை ஜெசிந்தா வந்து உடன் இருக்கிறார். இங்கேயே மீன் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். போன வாரம் அவருக்காக அதே படிவத்தை நிரப்பினேன். அந்தக் கோட்டில் 'மீன் கம்பெனி வேலை, அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் வேலை' என்று இரண்டையும் எழுதினேன். திரும்பி வரத்தான் செய்யும். மறுபடியும் இதையே எழுதிக் கொடுப்போம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா வேலையில் இருக்கும் நேரங்களில் அண்ணன் எனக்கு அடிக்கிறார். நான் அவருக்கு மச்சானும் இல்லை, வேறு எந்த முறையும் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கைபேசியை மேசையில் மல்லாக்க வைக்கும் பழக்கம் ஒன்றுதான். இந்த வரியை எழுதும்போது ஒரு முறை அடித்து நின்றிருக்கிறது. கை வேலையை விட்டுவிட்டு, இரண்டாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.